குன்னூர்க் காரின் நீலப் புகை: இன்ஜினைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

வாசகர் கேள்வி: நாங்கள் குன்னூரில் வசிக்கிறோம். 2013-இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார், நான்கு சிலிண்டர், 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது சைலன்சரிலிருந்து நீலம் கலந்த புகை சில விநாடிகள் வருகிறது. மேட்டுப்பாளையம் நோக்கி மலை இறங்கி, கல்லாறு தாண்டி ஆக்சிலேட்டரை மிதித்ததும் மறுபடியும் ஒரு புகை மூட்டம் கிளம்புகிறது. மலை ஏறும்போது புகை தெரிவதில்லை. 3000 கி.மீ.க்கு ஏறக்குறைய 1 லிட்டர் ஆயில் ஊற்றுகிறோம். ஆயில் ஊற்றும் மூடியின் உட்பக்கம் வெண்ணிறப் பசை படிகிறது, கூலன்ட் குறையவில்லை. ஒரு மெக்கானிக் கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம்) பார்த்துவிட்டு, நான்கு சிலிண்டர்களும் 140, 142, 138, 145 பி.எஸ்.ஐ. காட்டுகின்றன, கையேட்டின்படி 180 இருக்க வேண்டும், ஆகவே போர் வேலை (சிலிண்டரின் உட்சுவரைக் குடைந்து சீராக்குவது) செய்தே தீர வேண்டும் என்கிறார். இன்னொருவர் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களுக்கும் அவற்றை மூடும் ஹெட்டுக்கும் இடையிலான அடைப்புத் தகடு) போய்விட்டது என்கிறார். மூன்றாமவர் 20டபிள்யூ-50 என்ற கெட்டியான ஆயில் ஊற்றினால் புகை நின்றுவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? மேட்டுப்பாளையத்தில் இருக்கும் என் தம்பியின் 2021 டீசல் காரில் புகையே இல்லை. ஆயில் குறைவதும் இல்லை, கோட்டுக்கு மேலேதான் ஏறியிருக்கிறது. அது நல்ல அறிகுறிதானே?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

மூவர் சொன்னதையும் இப்போதைக்கு ஒத்திவையுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், வால்வ் தண்டுகளின் மேல் இருக்கும் ரப்பர் சீல்கள் வெப்பத்தில் இறுகிப் போயிருக்கவே வாய்ப்பு மிகுதி. இன்ஜினை முழுதாக இறக்கிப் பிரிக்க வேண்டிய நிலைக்கு உங்கள் கடிதத்தில் நான் ஒரு சான்றையும் காணவில்லை. இதைக் கடிதத்தின் அடிப்படையில்தான் சொல்கிறேன் என்பதால், உறுதிசெய்துகொள்ள வேண்டிய சோதனைகளையும் அவற்றின் வரிசையையும் கீழே எழுதியிருக்கிறேன்.

புகையின் நிறம் எது எரிகிறது என்பதை மட்டுமே சொல்லும். நீலம் என்றால் ஆயில். அடர்ந்த வெண்மையும் இனிப்பான வாடையும் சேர்ந்திருந்தால் கூலன்ட். கருப்பு என்றால் காற்றின் அளவுக்கு மேல் எரிபொருள். அந்த ஆயில் எந்த வழியாகச் சிலிண்டருக்குள் வந்தது என்பதைச் சொல்வது புகை வரும் நேரம். பட்டறைக்குப் போகும் பெரும்பாலோர் நிறத்தை மட்டும் சொல்லிவிட்டு நேரத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் இரண்டையும் கவனித்து எழுதியிருப்பதால்தான் என்னால் இவ்வளவு தூரம் பேச முடிகிறது.

இன்ஜினை அணைத்ததும் ஹெட்டின் மேற்பகுதியில் நிற்கும் ஆயிலில் ஒரு பங்கு, சீல் இறுகியிருந்தால், வால்வ் தண்டு வழியாக இரவெல்லாம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து வால்வின் பின்புறத்திலும் பிஸ்டன் தலையிலும் தேங்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அது எரிந்து தீர்ந்துவிடுவதால் நீலப் புகை சில விநாடிகள் வந்து நின்றுவிடுகிறது. மலை இறங்கும்போது நடப்பதும் இதன் தொடர்ச்சியே. நீங்கள் இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு இறங்கும்போது இன்ஜினுக்குக் காற்றுவிடும் கதவான த்ராட்டில் மூடியிருக்கும். சக்கரங்களோ இன்ஜினை வேகமாகச் சுழற்றிக்கொண்டிருக்கும். ஆகவே இன்டேக் குழாயில் வலுவான வெற்றிடம் உண்டாகும். பர்லியாறு வழியாகக் கல்லாறு வரை, கொண்டை ஊசி வளைவுகள் நெடுகிலும், அந்த வெற்றிடம் ஹெட்டில் இருக்கும் ஆயிலைத் தளர்ந்த சீல் வழியாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கீழே வந்து மிதித்ததும், சேர்ந்திருந்த அவ்வளவும் ஒரே மூச்சில் எரிகிறது. மாறாக, பிஸ்டனைச் சுற்றி அடைப்பாக இருக்கும் ரிங்குகளும் போரும் தேய்ந்த வண்டி மேடு ஏறும்போதுதான் அதிகம் புகைய வேண்டும். ஏனெனில் சுமை கூடும்போது எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி, இன்ஜினின் அடியில் இருக்கும் கிராங்க் அறையில் அழுத்தத்தை ஏற்றுகிறது. 1500 மீட்டருக்கு மேல் உயரம் ஏறுகிற ஒரு மலைப்பாதையில் உங்கள் கார் புகையாமல் ஏறுகிறது என்பது, உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிக மதிப்பான வரி.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இறக்கத்தில் உண்டாகும் அதே வெற்றிடம், கரி ஏறி ஒட்டிக்கொண்ட ஆயில் ரிங் வழியாகவும் கீழிருந்து ஆயிலை மேலே இழுக்கக்கூடும். அதாவது இறக்கத்துக்குப் பிந்தைய புகை மட்டும் இருந்திருந்தால் சீல்தான் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டேன். இரவு முழுதும் நின்ற பிறகு வரும் புகையும், ஏற்றத்தில் புகை இல்லாததும் அதனுடன் சேர்ந்ததால்தான் சந்தேகம் சீல் பக்கம் சாய்கிறது.

இனி அந்தக் கம்ப்ரஷன் கணக்கு. உங்கள் மெக்கானிக் சோதனையைச் சரியாகவே செய்திருக்கலாம். கருவியும் சரியாகவே இருக்கலாம். ஆனால் அவர் அதைக் குன்னூரில் செய்திருக்கிறார். குன்னூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் சுமார் 80 சதவீதம்தான். சிலிண்டருக்குள் இழுக்கப்படும் காற்றே ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்னும்போது, அதை அமுக்கிக் கிடைக்கும் அழுத்தமும் அதே அளவில் குறையத்தான் வேண்டும். கடல்மட்டத்தில் 180 பி.எஸ்.ஐ. காட்டும் நல்ல இன்ஜின் உங்கள் ஊரில் ஏறக்குறைய 144 காட்டும். உங்களுக்குக் கிடைத்த எண்கள் அதையொட்டியே இருக்கின்றன. அதைவிட முக்கியம், நான்கும் ஒன்றுக்கொன்று 5 சதவீதத்துக்குள் நிற்கின்றன. போர் தேய்மானம் நான்கு சிலிண்டர்களிலும் இப்படி ஒரே சீராக வருவது அரிது. ஒன்றிரண்டு மற்றவற்றைவிட நன்றாக இறங்கிக் காட்டும். சிலிண்டர்களுக்கிடையே 10 அல்லது 15 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். இந்த நான்கு எண்களைக் காரணம் காட்டிப் போர் வேலைக்கு நாள் குறிக்கச் சொன்னால், தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஐயம் நீங்கவில்லை என்றால் மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ அதே சோதனையை மறுபடியும் செய்யச் சொல்லுங்கள். அங்கே கடல்மட்டத்தைவிட நாலைந்து சதவீதம் மட்டுமே குறையும். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எரிபொருளையும் பற்றவைப்பையும் துண்டித்திருக்க வேண்டும். த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். பாட்டரி நல்ல நிலையில் இருக்க வேண்டும். ஏதேனும் ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டினால், பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் பார்க்க வேண்டும். எண் நன்றாக ஏறினால் ரிங்கில் கசிவு. ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ கசிவு. பிளக்குகள் வெளியே இருக்கும் அந்த நேரத்திலேயே அவற்றின் முனைகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஆயிலில் நனைந்து கறுத்திருப்பது எந்த சிலிண்டரின் பிளக்கோ, அங்கேதான் ஆயில் எரிகிறது.

கம்ப்ரஷன் சோதனைக்கு ஒரு குறை உண்டு. அது மேல் ரிங்குகளைப் பற்றித்தான் சொல்லும். ஆயிலை வழித்துக் கீழே தள்ளும் மூன்றாவது ரிங் ஒட்டிக்கிடந்தாலும் எண்கள் நன்றாகவே வரும். அதற்காகவே, சிறு கேமராவைப் பிளக் துளை வழியாக விட்டுப் பார்க்கும் வசதி உள்ள பட்டறையைத் தேடிப் போவது நல்லது. பிஸ்டன் தலையின் விளிம்பைச் சுற்றி மட்டும் கரி இல்லாமல், கழுவிவிட்டது போலப் பளிச்சென்று ஈரமாக இருந்தால் ஆயில் ரிங் வழியாக மேலே வருகிறது. விளிம்பு காய்ந்திருந்து, வால்வ் பக்கம் மட்டும் ஈரமும் தடித்த கரியும் தெரிந்தால் சீல்தான். போர் சுவரில் செங்குத்தான ஆழமான கோடுகள் இருக்கின்றனவா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். இன்ஜினைப் பிரிக்காமல், அரை நாளுக்குள் முடியும் வேலை இது.

வெண்ணிறப் பசையைப் பற்றி இரண்டாமவர் சொன்னது அவசர முடிவு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் சிறு பங்கு ரிங்குகளைத் தாண்டிக் கிராங்க் அறைக்குள் போவது எல்லா இன்ஜினிலும் இயல்பு. இன்ஜின் நன்றாகச் சூடேறி அரை மணி நேரம் ஓடினால் அந்த ஈரம் வெளியேறிவிடும். குளிர்ந்த ஊரில் கடைவீதி வரை, பள்ளி வரை என்று இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டி அணைத்தால், இன்ஜினின் குளிர்ச்சியான மேல் மூடியில் படிந்து ஆயிலோடு கலந்து பசையாகிவிடும். குளிர்காலக் காலையில் சைலன்சரில் மெல்லிய வெண்ணிற ஆவி வந்து, சிறிது தூரத்தில் காற்றில் கரைந்துபோனால் அதுவும் இதே தண்ணீர்தான். ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவும்போது ஆயில் முழுதுமே பால் கலந்த காபியின் நிறத்தில் இருக்கும், கூலன்ட் நாளுக்கு நாள் குறையும், ரேடியேட்டரில் குமிழிகள் வரும். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. மூடியைத் துடைத்து வைத்துவிட்டு, ஒரு முறை கோவை வரை போய் வந்தபின் பாருங்கள். பசை திரும்பி வராவிட்டால் அந்தக் கவலையை விட்டுவிடலாம். அப்போதும் மனம் ஒப்பாவிட்டால், கூலன்டில் எரிந்த வாயு கலக்கிறதா என்று பார்க்க ஒரு நீலத் திரவச் சோதனை இருக்கிறது. எரிந்த வாயு கலந்திருந்தால் அத்திரவம் மஞ்சளாக மாறும். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் எக்காரணத்துக்காகவும் திறக்காதீர்கள்.

20டபிள்யூ-50 யோசனையை நான் ஏற்கவில்லை. கெட்டியான ஆயில் தளர்ந்த சீல் வழியாகக் கொஞ்சம் மெதுவாகக் கசியும் என்பது உண்மைதான். அதனால் புகை சில நாட்களுக்குக் குறைந்தும் தெரியலாம். ஆனால் 5டபிள்யூ-30 என்ற மெல்லிய ஆயில் பரிந்துரைக்கப்பட்ட ஒரு சிறிய இன்ஜினில், குன்னூரின் குளிர்ந்த காலையில், கெட்டியான ஆயில், வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டுக்கும் செயின் டென்ஷனருக்கும் போய்ச் சேரத் தாமதமாகும்; அந்த நேரத்தில்தான் தேய்மானம் அதிகம். புகையை மறைப்பதற்காக இன்ஜினின் வேறொரு பாகத்தைத் தேயவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கையேட்டில் 10டபிள்யூ-40 ஆயிலும் அனுமதிக்கப்பட்டிருந்தால் அதற்கு மாறலாம். பழைய சீல்களைச் சற்று மென்மையாக்கும் சேர்க்கைகள் கொண்ட, அதிகம் ஓடிய வண்டிகளுக்கான ஆயில்களும் ஓரளவு உதவும். இவையும் தற்காலிகம்தான்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது மிக மலிவான வேலை: பி.சி.வி. வால்வைப் பார்ப்பது. கிராங்க் அறையின் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பி அனுப்பும் சின்னஞ்சிறு பாகம் இது. திறந்தபடி சிக்கிக்கொண்டால் ஆவியோடு ஆயிலையும் இழுத்து எரிக்கும். அடைத்துக்கொண்டால் கிராங்க் அறையில் அழுத்தம் ஏறி, ஆயில் எல்லா சீல் வழியாகவும் வெளியே பிதுங்கும். கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்கினால், உள்ளே இருக்கும் சிறு பாகம் தட்டுகிற ஓசை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் புதியது போடுங்கள். சந்தேகமிருந்தாலும் புதியதே போடுங்கள். அதன் குழாயில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். எத்தனையோ வண்டிகளில் வால்வ் கவர் கேஸ்கெட்டையும் கிராங்க் சீலையும் மாற்றிவிட்டு, கசிவு நிற்கவில்லையே என்று மறுபடியும் மாற்றுகிறார்கள். அடைத்துக்கொண்ட இந்த வால்வை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அதன் பிறகு 1000 கி.மீ.க்கு ஆயில் எவ்வளவு குறைகிறது என்று முறையாக அளந்து பாருங்கள். உங்கள் ஊரில் பெரும்பாலான வீட்டு வாசல்கள் சரிவில் இருப்பதால், வாசலிலேயே டிப்ஸ்டிக் பார்த்தால் அளவு நிச்சயமாகத் தவறும். சமதளமான ஒரே இடத்தை, எடுத்துக்காட்டாக ஒரே பெட்ரோல் பங்கின் முற்றத்தை, தேர்ந்துகொண்டு, இன்ஜினை அணைத்து பத்து நிமிடம் கழித்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பாருங்கள். இப்போதைய கணக்குப்படி 1000 கி.மீ.க்கு 330 மில்லி ஆகிறது. பல நிறுவனக் கையேடுகள் 1000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை இயல்பு என்றே சொல்கின்றன. அதைக் கேட்டு நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். உங்கள் இன்ஜினின் மொத்தக் கொள்ளளவே மூன்று, மூன்றரை லிட்டர்தான் இருக்கும். 10,000 கி.மீ.க்கு ஒரு முறை சர்வீஸ் என்று நம்பி இடையில் பார்க்காமல் விட்டிருந்தால், அடுத்த சர்வீஸுக்குள் ஏறக்குறைய அவ்வளவு ஆயிலும் காலியாகியிருக்கும். வால்வ் சீல் போனதால் இன்ஜின் கெடுவதில்லை. ஆயில் வற்றியது தெரியாமல் ஓட்டினால்தான் கெடுகிறது. சிவப்பு ஆயில் விளக்கு அளவு குறைந்ததும் எரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அழுத்தம் விழுந்த பிறகுதான் எரியும். எரிந்தால் வீடு வரை போய்விடலாம் என்று எண்ணாமல் அந்த இடத்திலேயே ஓரங்கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும்.

சோதனைகள் சீல்தான் என்று காட்டினால், ஹெட்டை இறக்காமலேயே மாற்றும் முறை இருக்கிறது. வால்வ் கவரையும் கேம்ஷாஃப்டுகளையும் கழற்றி, பிளக் துளை வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்தி வால்வ் சிலிண்டருக்குள் விழாமல் தாங்கவைத்து, ஸ்பிரிங்கை எடுத்துச் சீலை மாற்றுவார்கள். 16 வால்வ் என்றால் 16 சீல்களும் மாற்றப்பட வேண்டும். பாகங்களின் விலை பெரிதல்ல. பொறுமையும் டைமிங் செயினை மீண்டும் சரியாகப் பொருத்தும் தேர்ச்சியும்தான் பெரிது. வெப்பத்தைத் தாங்கும் ஃப்ளோரோ ரப்பர் சீல்களையே கேட்டு வாங்குங்கள். சாதாரண நைட்ரைல் ரப்பர் சில ஆண்டுகளில் மீண்டும் இறுகிவிடும். வால்வைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்து, அதன் தண்டு ஓடும் கைடு குழாய் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கைடு தளர்ந்திருந்தால் புதிய சீல் அதிக நாள் தாங்காது, அப்போது மட்டும் ஹெட்டை இறக்குவது நியாயம். வேலை முடிந்த பின்னும் சைலன்சரில் படிந்திருக்கும் பழைய ஆயில் எரிந்து தீரும் வரை கொஞ்ச நாள் புகை வரும். அதைக் கண்டு பதறாமல் மறுபடியும் 1000 கி.மீ. அளந்து பாருங்கள். இந்த வேலையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதும் நல்லதல்ல. ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸும் துத்தநாகமும் எரிந்து, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் படிந்து அதன் ஆற்றலைக் குறைத்துவிடும், அதை மாற்றுவது சீல்களை மாற்றுவதைவிடப் பல மடங்கு செலவு.

ஒரு வேண்டுகோள். இறக்கத்தில் கியரில் வந்தால் புகை வருகிறது என்பதற்காக, யாராவது நியூட்ரலில் இறங்கச் சொன்னால் கேட்காதீர்கள். புகை குறையும் என்பது உண்மையே. ஆனால் வண்டியின் எடை முழுவதையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டியிருக்கும், அது சூடேறிப் பிடிப்பை இழந்தால் அந்தப் பாதையில் தப்பிக்க இடமில்லை. புகைந்தாலும் இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள்.

உங்கள் தம்பியின் காரைப் பற்றி எனக்கு உங்கள் காரைவிடக் கவலை அதிகம். ஆயில் தானாகப் பெருகாது. வேறொன்று அதில் கலந்தால்தான் அளவு ஏறும். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த, வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.6 விதிக்கு உட்பட்ட டீசல் கார்களில், புகைக் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி சைலன்சர் வழியில் இருக்கிறது. கரி நிறைந்ததும் கூடுதல் டீசலைத் தெளித்து, வெப்பத்தை ஏற்றி, கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்வது அதன் வேலைமுறை. ஊருக்குள் குறுகிய தூரமே ஓட்டி, அந்தச் சுத்திகரிப்பு பாதியில் நிற்கும்படி ஒவ்வொரு முறையும் இன்ஜினை அணைத்தால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். ஆயில் நீர்த்துப்போனால் பேரிங்குகளைக் காக்கும் படலம் மெலிந்துவிடும். அளவு மிகவும் ஏறினால் அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு: ஆயில் இன்டேக்குக்குள் இழுக்கப்பட்டு, சாவியைத் திருப்பி அணைத்தாலும் நிற்காமல், டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாகக் கொண்டு கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். அப்படி நடந்தால், கியரை நாமே மாற்றும் வண்டியில் பிரேக்கை முழுதாக மிதித்து, மிக உயர்ந்த கியரைப் போட்டு, கிளட்சை விட்டு இன்ஜினை நிறுத்த வேண்டும்.

டிப்ஸ்டிக்கில் டீசல் வாடை அடிக்கிறதா என்று இன்றே பார்க்கச் சொல்லுங்கள். அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்தால், அந்த ஆயிலுடன் பட்டறை வரைகூட ஓட்ட வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்து, ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றச் சொல்லுங்கள். ஊற்றும் ஆயில், கையேடு சொல்லும் குறைந்த சாம்பல் வகையாகவே இருக்க வேண்டும். சாதாரண டீசல் ஆயிலின் சாம்பல் அந்த வடிகட்டியை நிரந்தரமாக அடைத்துவிடும். அதன் பிறகு வாரத்துக்கு ஒரு முறையாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஒரே சீரான வேகத்தில் ஓட்டட்டும். அப்படி ஓட்டியும் அளவு ஏறினால் இன்ஜெக்டர்களில் கசிவு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.